மணி அடித்த பத்து நிமிடத்துக்குள்

இடைவேளை மணி அடித்ததும் பள்ளிக்கூட வாசலில் இருக்கும் பெட்டிக்கடையைப் பாருங்கள். சரம் சரமாகத் தொங்கும் ஐந்து ரூபாய் பாக்கெட்டில் ஒன்றைக் கிழித்து, உள்ளே இருப்பதைத் தின்று, விரலில் ஒட்டிய மசாலாவையும் நக்கி முடித்து ஒரு பிள்ளை வகுப்புக்குத் திரும்பப் பத்து நிமிடம்கூட ஆகாது. அந்தப் பத்து நிமிடத்தில்தான் விஷயமே இருக்கிறது.

வயிறு 'போதும்' என்று சொல்வது சட்டென்று நடக்கிற காரியமில்லை. உணவு சேரச் சேர இரைப்பை விரிகிறது. அந்த விரிவை நரம்புகள் மூளைக்குத் தெரிவிக்கின்றன. அப்புறம் உணவு சிறுகுடலுக்கு இறங்கியதும் அங்கிருந்து சில ஹார்மோன்கள் கிளம்பிப் பசியை அடக்குகின்றன. இதற்கெல்லாம் சுமார் 20 நிமிடம் பிடிக்கும். சுண்டலையோ கொய்யாவையோ மென்று தின்னும்போது இந்த வேகம் போதும். பாக்கெட் தீனியோடு ஓட இது போதாது.

சிப்ஸையே எடுத்துக்கொள்வோம். உருளைக்கிழங்கில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர். 100 கிராம் அவித்த கிழங்கில் சுமார் 85 கலோரிதான் இருக்கும். அதையே மெல்லிசாகச் சீவிக் கொதிக்கும் எண்ணெயில் போட்டால் தண்ணீர் ஆவியாகிப் போகிறது, காலியான இடத்தில் எண்ணெய் ஏறிக்கொள்கிறது. 100 கிராம் சிப்ஸில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு எண்ணெய், கலோரியோ 500-ஐத் தாண்டும். இத்தனையும் வாயில் பட்டதும் நொறுங்கிக் கரைந்துவிடுகிறது, வயிற்றில் இடத்தையும் அடைப்பதில்லை. விரியாத இரைப்பை மூளைக்கு என்ன சொல்லும்?

அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹால் குழுவினர் 20 பேரைத் தங்கவைத்துச் செய்த ஆய்வு 2019-இல் வெளிவந்தது. இரண்டு வாரம் ஆலையில் மிகையாகப் பதப்படுத்திய உணவு, இரண்டு வாரம் சாதாரண உணவு. பரிமாறியதில் கலோரி, சர்க்கரை, கொழுப்பு, உப்பு, நார்ச்சத்து எல்லாம் சமம். வேண்டிய மட்டும் சாப்பிடலாம். பதப்படுத்திய உணவு கிடைத்த நாட்களில் அவர்கள் தினம் சுமார் 500 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டார்கள், வேகமாகவும் சாப்பிட்டார்கள். எடை ஏறக்குறைய ஒரு கிலோ கூடியது. இவர்கள் எல்லாரும் பெரியவர்கள். அவர்களுக்கே இப்படியென்றால், எட்டு வயதுப் பிள்ளையிடம் 'வாயைக் கட்டு' என்று சொல்வது நியாயமே இல்லை.

பல்லின் கதை வேறு. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் போன்ற வாய்ப் பாக்டீரியாக்கள் சர்க்கரையைத் தின்று அமிலத்தைக் கக்குகின்றன. எச்சில் அந்த அமிலத்தைச் சமன் செய்ய அரை மணி நேரம்கூட ஆகலாம். பிள்ளை அடுத்த வகுப்பில் உட்கார்ந்து பாடம் கேட்கும்போது அதன் பல் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்துகொண்டிருக்கிறது. எவ்வளவு இனிப்பு என்பதைவிட, ஒரு நாளில் எத்தனை தடவை என்பதுதான் பல்லை அதிகம் கெடுக்கிறது.

சரி, பிள்ளையால் முடியாததைப் பள்ளிக்கூடம் செய்ய முடியுமா? கொழுப்பும் சர்க்கரையும் உப்பும் மிகுந்த பண்டங்களைப் பள்ளி கேன்டீனிலும், வளாகத்திலிருந்து 50 மீட்டருக்குள்ளும் மாணவர்களுக்கு விற்கக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2020-இல் விதி கொண்டுவந்தது. 50 மீட்டர் ரொம்பக் குறைவு என்பேன், பிள்ளைகள் ஓடினால் கால் நிமிடம்தான். சிலி நாடு 2016-இல் இன்னும் அழுத்தமாக இறங்கியது. இத்தகைய பண்டங்களைப் பள்ளியில் விற்கத் தடை, பாக்கெட்டின் முகப்பில் கறுப்பு எண்கோண எச்சரிக்கை முத்திரை, குழந்தைகளைக் குறிவைக்கும் விளம்பரத்துக்குக் கட்டுப்பாடு என எல்லாம் ஒன்றாக வந்தன. முத்திரை விழுந்த பானங்களை வீடுகள் வாங்குவதில் சுமார் கால் பங்கு குறைந்தது.

தடை மட்டும் போதாது. வெறும் வயிற்றோடு வரும் பிள்ளைக்குப் பத்து மணிக்கே பசி ஹார்மோனான கிரெலின் ஏறி நிற்கும். தமிழ்நாட்டில் 2022-இல் தொடங்கிய காலை உணவுத் திட்டத்தின் கிச்சடியும் பொங்கலும் அந்தப் பசியைத்தான் முன்கூட்டியே தணிக்கின்றன.

இன்னொன்று, நாக்கு பழகியதைத்தான் கேட்கும். ஆய்வுகளில் உப்பைக் குறைத்துச் சாப்பிட்டவர்களுக்கு முதலில் எல்லாமே சப்பென்று இருந்தது. இரண்டு மூன்று மாதத்தில், குறைந்த உப்பே சரியாகப் பட ஆரம்பித்தது. பள்ளிக்கூடக் கணக்கில் அது ஒரு பருவம்.