கோயிலில் சொன்னார், டாக்டரிடம் சொல்லவில்லை

போன மாதம் பட்டர்வொர்த்தில் என் மருந்துக் கவுண்டருக்கு ஒரு ஆன்ட்டி வந்தார். பையிலிருந்து பிஸ்கட் டின்னை எடுத்துத் திறந்தார். உள்ளே பெரிண்டோபிரில் என்ற பிரஷர் மாத்திரை அட்டைகள், மூன்று மாதத்துக்கானவை, ஒன்றுகூடப் பிரிக்கவில்லை. "சாப்பிட்டா ராத்திரி பூரா வறட்டு இருமல்மா. அதான் விட்டுட்டேன்."

பக்கத்து வீட்டில் சொல்லியிருக்கிறார், கோயிலில் சொல்லியிருக்கிறார், கடையில் சொல்லி இருமலுக்குத் தண்ணி மருந்தும் வாங்கிக் குடித்திருக்கிறார். டாக்டருக்கு மட்டும் தெரியாது. ரத்த அழுத்தம் 178 என்றதும், மாத்திரை போதவில்லை போலிருக்கிறது என்று அவர் அம்லோடிபின் என்ற இன்னொரு பிரஷர் மாத்திரையையும் சேர்த்துவிட்டார். அதில் கால் வீங்கியது. அதையும் ஆன்ட்டி சொல்லவில்லை. அந்த மாதத்தில் அவர் நான்காவது ஆள்.

ஏன் சொல்லவில்லை என்றால் எப்போதும் இதே பதில்தான்: "ரத்தம் எடுத்தாங்களே, அதுல தெரியாதா?" தெரியாது. சர்க்கரை தெரியும், கொழுப்பு தெரியும், கிட்னி எப்படி இருக்கிறது என்று தெரியும். இருமல் ரத்தத்தில் தெரியாது. எழுந்து நின்றால் தலை சுற்றுவது தெரியாது. இனிப்பு நீருக்கான மெட்ஃபார்மின் வயிற்றைக் கலக்குகிறது என்று, பஸ் ஏறும் நாளில் எல்லாம் அதை விட்டுவிடுகிறீர்களே, அதுவும் தெரியாது. இனிப்பு நீர் ஏறியிருப்பது மட்டும்தான் ரிப்போர்ட்டில் வரும். டோஸைக் கூட்டுவார்கள். வயிறு இன்னும் கலங்கும்.

ஆண்கள் தனி ரகம். சில பிரஷர் மாத்திரைகளால் தாம்பத்தியத்தில் சிக்கல் வரலாம் (இனிப்பு நீராலும் வரும், அது வேறு கதை). மகள் பக்கத்தில் நிற்கும்போது யார் வாய் திறப்பார்? "தனியாப் பேசணும்" என்று மட்டும் சொல்லுங்கள், அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்திக்கொள்கிறோம்.

டாக்டர் மலாய்க்காரர், விளக்கத் தெரியாதாம். விளக்கம் யார் கேட்டது? "மாக்கான் ஊபாட், பாத்தோக்" (மருந்து சாப்பிட்டால் இருமல்) போதும். தலைசுற்றலுக்குப் பெனிங், வீக்கத்துக்குப் பெங்காக். மார்க்கெட்டில் மீன் விலை பேசுகிற மலாய் இதற்குத் தாராளம். ஏசுவார் என்று பயமா? சிலர் ஏசத்தான் செய்கிறார்கள். சரி, எங்களிடம் சொல்லுங்கள், டாக்டரிடம் நாங்கள் பேசுகிறோம்.

நீங்களாக நிறுத்தாதீர்கள். உதடு, முகம் வீங்கி மூச்சுத் திணறினால் மட்டும் அடுத்த மாத்திரையைத் தொடாமல் 999க்கு அடியுங்கள். மெட்ஃபார்மினை வெறும் வயிற்றில் போடாதீர்கள். தொந்தரவு தொடங்கிய தேதியைக் காலண்டரில் குறியுங்கள். ஜாமு, நாட்டு மருந்து எதுவானாலும் கொண்டு வாருங்கள், தயவுசெய்து ஒளிக்காதீர்கள்.

இருமல் அவ்வளவாக வராத வேறு வகை மாத்திரை எங்கள் அலமாரியிலேயே இருக்கிறது. டாக்டர் ஆன்ட்டிக்கு லோசார்டான் எழுதி, அம்லோடிபினைப் பாதியாகக் குறைத்தார். அடுத்த மாத மருந்துக்கு வந்தவர், வடிந்த காலை நீட்டிக் காட்டினார். அப்புறம் கவுண்டர் பக்கம் குனிந்து, குரலைத் தாழ்த்தி, "அங்கிளுக்கும் என்னமோ இருக்கும்மா, சொல்ல மாட்டேங்கிறாரு" என்றார்.