முகமூடியை ஈரத்துணியால் துடைக்காதீர்கள்

மூன்று மாதம் முன்பு ஒருவர் நாலடி நீளப் பலகை ஒன்றைக் காரில் படுக்கவைத்துக் கொண்டுவந்தார். மேற்கு ஆப்பிரிக்க நாடான புர்கினா ஃபாசோவின் தலைநகர் வாகடூகுவில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவர். மேலே கறுப்பு வெள்ளைக் கட்டங்கள், அடியில் வட்டக் கண்களோடு ஒரு முகம். அந்நாட்டின் ப்வா மக்கள் செய்யும் பலகை முகமூடி. அதில் சிவப்பு பாதி காணோம். "ஒரே தூசி சார், ஈரத்துணியால் துடைத்தேன். துணியெல்லாம் சிவப்பாயிடுச்சு" என்றார். பழைய மரப்பொருள்களைப் பழுது பார்க்கும் தொழிலில் எனக்கு மிகவும் பழகிப்போன வாக்கியம் இது.

அவரை முழுக்கக் குறை சொல்லவும் முடியாது. அந்தச் சிவப்பு, தண்ணீர் பட்டால் போகிற சாயம்தான். ப்வா ஊர்களிலேயே முகமூடிகளை ஆற்றிலோ சதுப்பிலோ ஊறவைப்பார்கள். பூச்சி செத்துவிடும், பழைய சாயம் கரைந்துவிடும். அடுத்த ஆட்டத்துக்கு முன் மறுபடி பூசுவார்கள். கரையாமல் நிற்பது கறுப்பு மட்டும். கருவேலங்காயைக் கொதிக்கவைத்துத் தார் மாதிரி இறுக்கி எடுப்பது அது. ஆமாம், நம் ஊர்க் கருவேலமேதான். செதுக்கும் மரமும் நாம் அறிந்த இலவமரம். இலேசானது, உளிக்கு இணங்கும், வண்டுக்கும் கொண்டாட்டம். அங்கே கழுவினால் மறுபடி பூச ஆள் உண்டு. உங்கள் வரவேற்பறையில் யார் இருக்கிறார்கள்?

வண்ணம் வெறும் அலங்காரமும் இல்லை. கறுப்புக் கட்டம் பெரியவர்கள் விரித்து உட்காரும் பழைய விலங்குத்தோல். வெள்ளை, புதிதாகத் தீட்சை பெற்ற பிள்ளைகளின் புதுத் தோல். சாவுச் சடங்கிலும் தீட்சையிலும் இது ஆடும். ஆடுகிறவர் உடம்பு முழுக்கப் புளிச்சைநார் ஆடை. முகமூடியின் பின்னால் உள்ள தடித்த கயிற்றைப் பல்லால் கடித்துப் பிடித்தபடி ஆட வேண்டும்.

அதனால் என்னிடம் வந்தால் முதலில் பின்பக்கத்தைத்தான் திருப்பிப் பார்ப்பேன். இவருடையதில் கயிற்றுத் துளைகளின் விளிம்பு கொஞ்சமும் தேயவில்லை, அதாவது ஆடிய முகமூடி இல்லை. "முந்நூறு வருஷப் பழசு" என்று கடைக்காரர் சொன்னாராம். ப்வாக்களின் தொன்மையான முகமூடி இலைகளால் ஆனது. மரத்தில் செய்வதை அண்டை மக்களிடமிருந்து பிறகுதான் எடுத்துக்கொண்டார்கள். விற்பனைக்கென்று செய்ததை வாங்குவதில் தப்பே இல்லை, நல்ல கைவேலை. உண்மையிலேயே ஆடிய முகமூடியாக இருந்தால்தான் கவலை: அது ஊரை விட்டு எப்படி வெளியே வந்தது? ஏற்றுமதிக் காகிதம் கேளுங்கள். சட்டவிரோதப் பண்பாட்டுப் பொருள் வியாபாரத்துக்கு எதிரான யுனெஸ்கோ உடன்படிக்கை 1970-லிருந்தே இருக்கிறது.

சரி, வண்டு. துளையிலிருந்து வெளிர்நிறத் தூள் கொட்டினால் உள்ளே இன்னும் தின்றுகொண்டிருக்கிறது. மண்ணெண்ணெய் வேண்டாம், வார்னிஷ் வேண்டாம், வெயிலில் போடவே வேண்டாம், வெடித்துவிடும். பாலித்தீனில் காற்று போகாமல் சுற்றி, மைனஸ் 20 டிகிரியில் இரண்டு வாரம் வைக்கலாம். வெளியே எடுத்ததும் பிரித்துவிடக் கூடாது. அறைச்சூட்டுக்கு வரும்வரை ஒரு நாள் அப்படியே கிடக்கட்டும். இல்லாவிட்டால் மரத்தின் மேலேயே நீர் கோக்கும். சாயம் உதிர்கிற நிலையில் இருந்தால் இதையும் நீங்களாகச் செய்யாதீர்கள். இவருடைய பலகை வீட்டு ஃப்ரீசரில் நுழையவில்லை. தெரிந்த மீன் வியாபாரியின் குளிர் அறையில் இடம் கேட்டு வாங்கினோம்.

சிவப்பைத் திரும்பப் பூசித் தரச் சொன்னார். மறுத்துவிட்டேன். இப்போது அலமாரியில் ஒரு கறுப்புத் தாள் விரித்து அதன்மேல் வைத்திருக்கிறார், புதுத் தூள் விழுந்தால் பளிச்சென்று தெரியும் என்று. நேற்று படம் அனுப்பினார். தாள் சுத்தமாக இருக்கிறது.