வண்ணத்தில் ஒட்டிய மணல்

லண்டன் நேஷனல் கேலரியில் இருக்கும் ‘த்ரூவில் கடற்கரை’ சிறிய எண்ணெய் வண்ணப் படம். த்ரூவில், பிரான்ஸின் வடகரையில் உள்ள ஊர். உயரம் 38 செ.மீ., அகலம் ஏறக்குறைய 46. பிரெஞ்சு ஓவியர் க்ளோட் மோனே 1870 கோடையில் கடற்கரையிலேயே வரைந்தது. உருப்பெருக்கியில் பார்த்தால் வண்ணத்துக்குள்ளேயே மணல் பதிந்திருப்பது தெரியும். காற்று செய்த வேலை அது.

மணல் ஏன் உதிரவில்லை? நீர்வண்ணம் ஈரம் ஆவியானதும் காய்ந்துவிடும். எண்ணெய் வண்ணம் அப்படியல்ல. எண்ணெய் காற்றிலுள்ள ஆக்சிஜனை இழுத்துக்கொள்ள, மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பின்னி இறுகும். தொட்டால் கையில் ஒட்டாத பதத்துக்கு வரவே பல நாள் பிடிக்கும். அதற்குள் விழுந்த மணல் விழுந்த இடத்திலேயே இறுகிப்போகும்.

ஈரத்தின் மேல் ஈரம் தீட்டுவது அதைவிடப் பெரிய தலைவலி. கறுப்பு காயாதபோது அதன் மேல் வெள்ளையை இழுத்தால், தூரிகை கறுப்பையும் வாரிக்கொண்டு சாம்பலாக்கிவிடும். தூரிகை நிறைய வண்ணம் எடுத்து, ஒரே இழுப்பில் வைத்து, திரும்பத் தொடாமல் விடுவதுதான் வழி. படத்தில் இடப்பக்கம் இருக்கும் பெண்ணின் வெள்ளை உடை அப்படி வந்ததுதான். இழுப்புகளுக்கு நடுவே ஓவியத் துணியின் அடிப்பூச்சுகூட எட்டிப் பார்க்கிறது.

வெளியே போய் வரைய உதவியது, ஜான் ராண்ட் 1841இல் கண்டுபிடித்த, வண்ணம் அடைக்கும் தகரக் குழாய். அதற்குமுன் வண்ணத்தைப் பன்றியின் சிறுநீர்ப்பையில் கட்டி வைப்பார்கள். குத்தித் திறந்தால் சரியாக மூட முடியாது. பாரிஸ்காரர்களை த்ரூவிலுக்கு அள்ளிவந்தது 1863இல் அங்கே எட்டிய ரயில்.

வந்தவர்கள் வெயிலுக்கு ஒளிந்தார்கள் என்பதுதான் வேடிக்கை. அந்தக் காலத்தில் கறுத்த முகம் என்றால் வயலிலோ படகிலோ உழைப்பவர் முகம். அதனால்தான் குடை, அகலத் தொப்பி. உப்புக்காற்றில் வெள்ளை உடுத்துவதும் அந்தஸ்துதான். துவைக்க வேறு ஆள் உண்டு என்று அர்த்தம். இத்தனைக்கும் அந்த வெள்ளை உடைக்காரி, மோனே அந்த ஜூனில் மணந்த கமீய் என்றே கருதப்படுகிறது. அவர்கள் வீட்டில் அப்போது பணத்துக்குத் திண்டாட்டம்.

இந்தப் படத்தில் மீனவர்கள் எங்கே? அதற்கு 1867இல் அதே வடகரையின் சேன்ட்-அத்ரெஸ் என்ற ஊரில் மோனே வரைந்த இரண்டு படங்களைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். இந்தக் கரைகளைத் தொடும் இங்கிலீஷ் கால்வாயில் ஓதம், அதாவது கடல்மட்டத்தின் ஏற்ற இறக்கம், ஏறக்குறைய 12 மணி 25 நிமிடத்துக்கு ஒருமுறை ஏறி வற்றும். நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கும் படத்தில் ஓதம் ஏறியிருக்கிறது: நல்ல வெயில், வெள்ளைப் பாய்கள், படகுப்போட்டி பார்க்கும் வசதியானவர்கள். சிகாகோ அருங்காட்சியகத்தில் இருக்கும் மற்ற படத்தில் ஓதம் வற்றியிருக்கிறது: மேகமூட்டம், மணலில் ஏற்றிய மீன்பிடி படகுகள், மீனவர்கள். விடுமுறைக்கு வந்த ஒரு ஜோடியும் தள்ளி உட்கார்ந்திருக்கிறது. அந்த ஆளின் கையில் தொலைநோக்கி. அது திரும்பியிருப்பது கடலை நோக்கி.