குஸ்னெத்சோவ்: கொல்லனா, கொல்லன் மகனா?

குஸ்னெத்சோவ் ஒரு ரஷ்யக் குடும்பப் பெயர். ‘குஸ்னெத்சோவ் என்றால் கொல்லன்’ என்று ஒரே சொல்லில் பொருள் சொல்லிவிடுவார்கள். அது பாதிதான் சரி. ரஷ்ய மொழியில் இரும்படிப்பவருக்கு ‘குஸ்னெத்ஸ்’ என்று பெயர். பின்னால் ஒட்டியிருக்கும் ‘ஓவ்’ உடைமையைக் காட்டுகிறது, நம் ஆறாம் வேற்றுமை மாதிரி. ‘நீ யார் வீட்டுப் பிள்ளை?’ என்று கேட்டால் வருகிற பதில் இது: கொல்லன் வீட்டுப் பிள்ளை. அண்ணன் குஸ்னெத்சோவ் என்றால் தங்கை குஸ்னெத்சோவா. 2004இல் அமெரிக்க ஓப்பன் டென்னிஸை வென்ற ஸ்வெத்லானா குஸ்னெத்சோவாவின் பெயரில் அந்த ‘வா’ வந்தது இப்படித்தான். விகுதி இல்லாத வெறும் ‘கொல்லன்’ வேண்டுமானால், 1971இல் பொருளியல் நோபல் பெற்ற சைமன் குஸ்னெத்ஸ் இருக்கிறார்.

ரஷ்யாவில் இந்தப் பெயர் ஏராளம். காரணம் எளிது. ஊரெல்லாம் உழவர்களாக இருக்கும்போது ‘உழவன் மகன்’ என்றால் யாரைச் சொல்கிறோம்? பட்டறை ஊருக்கு ஒன்றுதான். ‘கொல்லன் மகன்’ என்றால் உடனே ஆள் தெரிந்துவிடும். உக்ரைன் பக்கம் கொல்லனைக் ‘கோவால்’ என்பார்கள். கொவாலென்கோ அங்கிருந்து வந்த பெயர். காய்ச்சிய இரும்பை அடிப்பதைக் குறிக்கும் அதே வேரிலிருந்து ரஷ்ய மொழியில் சூழ்ச்சிக்கும் ஒரு சொல் பிறந்திருக்கிறது!

வரலாற்றில் இந்தப் பெயரைச் சுமந்தவர்களில் என் மனதில் நிற்பவர் அட்மிரல் நிகோலாய் குஸ்னெத்சோவ். 1941 ஜூன் 21 இரவு, ஜெர்மனி தாக்குவதற்குச் சில மணி நேரம் முன்பு, சோவியத் கடற்படைகளை முழுத் தயார் நிலைக்குக் கொண்டுவர உத்தரவிட்டவர். அப்படிப்பட்டவரை இரண்டு முறை பதவி இறக்கினார்கள். 1974இல் இறந்தார், பறித்த பட்டம் திரும்பி வந்தது 1988இல். ரஷ்யாவின் விமானந்தாங்கிக் கப்பலுக்கு இன்று அவர் பெயர்.

அப்புறம் ஐஸ் ஹாக்கி. எவ்கெனி குஸ்னெத்சோவ் பிறந்த ஊர் செல்யாபின்ஸ்க். உருக்காலைகளும் டிராக்டர் ஆலையும் உள்ள ஊர். அங்கே அவர் ஆடிய அணியின் பெயரும் ‘டிராக்டர்’. கொல்லன் வீட்டுப் பெயருக்கு இதைவிடப் பொருத்தமான ஊர் கிடைக்காது. பிறகு அமெரிக்காவின் வாஷிங்டன் அணிக்கு ஆடினார். 2018 மே 7, பிட்ஸ்பர்க் அணியுடன் பிளேஆஃப் எனப்படும் வெளியேற்றச் சுற்றுத் தொடரின் ஆறாவது ஆட்டம், கூடுதல் நேரம். சக வீரர் ஓவெச்கின் தட்டிவிட்ட ‘பக்’ எனும் ரப்பர் வட்டை எடுத்துக்கொண்டு தனியாகப் பாய்ந்து கோல் அடித்தார். அடித்த கையோடு இரு கைகளையும் பறவைச் சிறகு போல அசைத்தபடி பனியில் வழுக்கிக்கொண்டு போனார். அந்த ஆண்டு வாஷிங்டன் அணி, வட அமெரிக்க ஐஸ் ஹாக்கி லீக்கின் சாம்பியனுக்குரிய ஸ்டான்லி கோப்பையை வென்றது. பிளேஆஃப் ஆட்டங்களில் 32 புள்ளிகளோடு (அடித்த கோலும், அடிக்க உதவிய கோலும் சேர்த்து) முதலிடம் அவருக்குத்தான்.

தமிழில் எப்படிச் சொல்லலாம்? ‘கொல்லன்’ என்றால் பொற்கொல்லனும் நினைவுக்கு வருவார். உலை, துருத்தி, சம்மட்டியோடு இரும்பு வேலை செய்பவருக்கு ‘கருமான்’ என்ற துல்லியமான சொல் நம்மிடம் இருக்கிறது. ஆகவே சரியான பொருள் ‘கருமான் மகன்’. ஆள் பெயராக வரும்போது குஸ்னெத்சோவ் என்றே எழுதுங்கள். பொருளை விளக்கத்தில் சொன்னால் போதும். இடப்பெயருக்கு மட்டும் நான் விலக்குத் தருவேன். மாஸ்கோவில் ‘குஸ்னெத்ஸ்கி மோஸ்த்’ என்று ஒரு தெரு. கொல்லர் பாலம் என்று பொருள். பீரங்கி வார்த்த பட்டறை பக்கத்தில் இருந்ததால் கொல்லர்கள் அங்கே குடியிருந்தார்கள். கீழே ஓடிய நெக்லின்னயா ஆற்றைப் பிறகு நிலத்தடிக்குள் விட்டுவிட்டார்கள், பாலமும் மண்ணுக்குள் போய்விட்டது.