வெட்டை: எந்தச் சூடு?

பாம்பனில் ஒரு மருந்துக்கடை. முப்பது வயசு இருக்கும் ஒருவர் குரலைத் தாழ்த்திச் சொல்கிறார்: "அண்ணே, நீர் போனா தீயா எரியுது. வெட்டைச் சூடு. வெயில்ல போட்லயே கெடந்தது." கடைக்காரர் ஒரு பொடிப் பொட்டலத்தை நீட்டி, "ரெண்டு பட்டை பதநீ குடிங்க, கால் பெருவிரல்ல சுண்ணாம்பு தடவுங்க" என்றார். சீழ் வருதா என்று கேட்கவில்லை.

குழப்பம் சொல்லிலேயே இருக்கிறது. வெட்டைக்குச் சூடு என்றும் பொருள், உடலுறவால் தொற்றும் கொனோரியா என்ற பால்வினை நோய் என்றும் பொருள். ராமநாதபுரக் கரையில் வெயிலுக்குப் பஞ்சமா? சூடுதான் முந்திக்கொள்ளும். தண்ணீர் குடிக்காமல் வந்த நீர்க்கடுப்பை இளநீரும் பதநீரும் தணிக்கும்தான். உறவுக்குப் பின் இரண்டிலிருந்து ஏழு நாளில் எரிச்சலோடு சீழும் வந்தால், பதநீரால் லாபம் பனையேறிக்கு மட்டும்.

கொனோரியா என்ற பெயரும் பிசகித்தான் பிறந்தது. கிரேக்கத்தில் 'கோனோஸ்' விந்து, 'ரோயா' ஒழுக்கு. வடிவது விந்து என்று நினைத்து 2ஆம் நூற்றாண்டில் கிரேக்க மருத்துவர் காலென் வைத்த பெயர். வடிவது சீழ்.

'மேகநோய்' என்றும் சொல்வோம். இந்த மேகத்தில் மழை இல்லை. சிறுநீர் கழிப்பதைக் குறிக்கும் வடமொழி 'மேஹ' இது. கார்மேகத்தின் மூலம் வேறு, தமிழ் எழுத்தில் இரண்டும் ஒன்றாகிவிட்டன. நீரிழிவும் 'மதுமேகம்' ஆகிவிடுவதால் இந்தச் சொல் ரொம்ப அகலம். 'கிரந்தி' என்றால் சிபிலிஸ், அது வேறொரு பால்வினை நோய். ஐரோப்பாவிலும் கொனோரியாவையும் சிபிலிஸையும் ஒரே நோய் என்று வெகுகாலம் நம்பினார்கள். 1838இல் பிரெஞ்சு மருத்துவர் ரிக்கோர் பிரித்துக் காட்டினார். ஆக, கொனோரியாவுக்கு என் ஓட்டு 'வெட்டை நோய்'க்கே. 'நோய்' என்ற வால் மட்டும் விடக்கூடாது.

கிருமியை 1879இல் கண்டவர் ஜெர்மன் மருத்துவர் நைசர். ஆண்களுக்குச் சோதனை எளிது. சீழில் ஒரு துளியைக் கண்ணாடித் தகட்டில் தடவி, கிருமிகளை நிறம் பிரித்துக் காட்டும் 'கிராம்' சாயம் ஏற்றி நுண்ணோக்கியில் வைத்தால், சீழணுக்களுக்குள் இளஞ்சிவப்பாக, காப்பிக்கொட்டைகள் முகம் பார்த்து ஒட்டியதுபோல் இரண்டிரண்டாகத் தெரியும். பெண்களுக்கு இது அவ்வளவு நம்பகம் இல்லை. கிருமி வளர்ப்போ மரபணுச் சோதனையோ வேண்டும்.

பெனிசிலினையும் சிப்ரோஃப்ளாக்சசினையும் இந்தக் கிருமி பழகி ஏய்த்துவிட்டது. இப்போது முதன்மை மருந்து செஃப்ட்ரியாக்சோன் ஊசி, ஒரே தடவை. பால்வினை நோய்களைப் பார்க்கும் அரசு மருத்துவமனைச் சுகவாழ்வு மையங்களில் சாம்பல் நிறப் பொட்டலமாக செஃபிக்சிம் 400 மி.கி., அசித்ரோமைசின் 1 கிராம், ஒரே வேளையாகக் கொடுப்பது வழக்கம். கடையில் நாமாகக் கேட்டு வாங்குகிற மருந்து இல்லை.

பாம்பன்காரருக்கு எரிச்சலாவது இருந்தது. பெண்கள் பலருக்கு ஒன்றுமே தெரியாது. கொஞ்சம் பட்டால் 'வெள்ளை' என்று விட்டுவிடுவார்கள். வெள்ளை எல்லாம் வெட்டை நோய் ஆகாது, உண்மைதான். ஆனால் கவனிக்காமல் விட்டால் கருக்குழாய் வரை ஏறிப் பிள்ளைப்பேற்றையே கெடுக்கும். அதனால் கணவனுக்குச் சீழ் என்றால் மனைவிக்கும் கையோடு மருந்து, இருவருக்கும் ஏழு நாள் உடலுறவு விலக்கு.