சொல் விளக்கம்: கலெக்‌ஷன்

மதுரையில் இந்தச் சொல்லுக்கு ஏற்கெனவே மூன்று வேலை. விளக்குத்தூண் பக்கம் ஜவுளிக்கடையில் ‘புது கலெக்‌ஷன் வந்திருக்குக்கா, பாருங்க’ என்றால் சரக்கு. தியேட்டர் வாசலில் ‘கலெக்‌ஷன் எப்படி?’ என்றால் வசூல். காலையில் பைக்கில் வந்து நிற்பவர் ‘கலெக்‌ஷனுக்கு வந்திருக்கேன்’ என்றால் தவணைப் பணம். பாரிசிலும் மிலனிலும் நடக்கும் பேஷன் ஷோக்களில் வழங்கும் பொருள் இந்த மூன்றிலும் சேராதது. ஒரு வடிவமைப்பாளர் ஒரு பருவத்துக்கென்று ஒரே எண்ணத்தில் உருவாக்கி, முதலில் எது, கடைசியில் எது என்று வரிசை பார்த்து மேடையில் நடக்கவிடும் உடைகள் மொத்தமும் சேர்ந்தது ஒரு கலெக்‌ஷன்.

இதைச் சிலர் ‘சேகரிப்பு’ என்று தமிழில் எழுதிவிடுகிறார்கள். எனக்கு அது ஒட்டவில்லை. தபால்தலை சேர்ப்பது சேகரிப்பு, பழைய நாணயம் சேர்ப்பது சேகரிப்பு. அங்கே பொருளைச் செய்தவர் ஒருவர், சேர்த்தவர் வேறொருவர். இங்கே செய்தவரே கோக்கவும் செய்கிறார்.

மூலம் லத்தீன். ‘லெகெரே’ என்ற வினைக்குப் பொறுக்கி எடுத்தல் என்று பொருள். முன்னால் ‘சேர்த்து’ என்ற பொருள் தரும் ஒட்டு சேர்ந்து ‘கொல்லிகெரே’ ஆகி, பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போனது. அதே ‘லெகெரே’வுக்கு வாசித்தல் என்றும் பொருள் உண்டு, கல்லூரியில் கேட்கும் லெக்சர் அந்தக் கிளையில் பிறந்ததுதான். ஆக, சொல்லின் அடியிலேயே ‘பொறுக்கி எடுப்பது’ இருக்கிறது. கண்டதையெல்லாம் அள்ளிப் போட்டால் கலெக்‌ஷன் ஆகாது.

உடைக்கு இந்த வழக்கம் ஏற்பட்டதில் சார்லஸ் பிரெடெரிக் வொர்த்துக்குப் பெரிய பங்கு உண்டு. இங்கிலாந்துக்காரர், 1858இல் பாரிசில் கூட்டாளி ஒருவரோடு சேர்ந்து கடை போட்டார். அதுவரை பணக்காரப் பெண்கள் துணியையும் யோசனையையும் தாங்களே கொண்டுபோய்த் தையல்காரரிடம் கொடுத்தார்கள். நம்மூரில் இன்றைக்கும் அப்படித்தானே? புது மண்டபத்துத் தூண்களுக்கு நடுவே மிஷின் போட்டிருந்து, இப்போது குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறியிருக்கும் தையல்காரர்களிடம் நாம் அளவு ஜாக்கெட்டோடு போய் ‘கழுத்து கொஞ்சம் இறக்கி’ என்கிறோம்; அவர் தலையாட்டிவிட்டுத் தன் இஷ்டத்துக்குத் தைப்பார், அது வேறு கதை. வொர்த் இந்த ஏற்பாட்டைத் திருப்பிப் போட்டார். உடைகளை முன்கூட்டியே தைத்து, உயிருள்ள பெண்களுக்கு உடுத்திக் காட்டி, இதில் எது வேண்டும் என்று வாடிக்கையாளரைக் கேட்டார்.

பருவத்தின் பெயரில் ஒரு சின்னச் சிக்கல். ‘ஸ்பிரிங் சம்மர்’ உடைகளை அதற்கு முந்தைய செப்டம்பர், அக்டோபரிலேயே காட்டிவிடுவார்கள். ‘ஆட்டம் விண்டர்’ பிப்ரவரி, மார்ச்சில் வரும். ஆண்களுக்கான காட்சிகளும், ஆளுக்கு அளவெடுத்துக் கையால் தைக்கும் உயர்ரக உடைகளான பாரிசின் ஓட் கூத்யூரும் தனி நாட்களில். ஸ்பிரிங் சம்மரை ‘வசந்தகால கோடைக்கால’ என்று நீட்ட வேண்டியதில்லை. இளவேனிலும் முதுவேனிலும் சேர்ந்தால் வேனில். ‘வேனில் தொகுப்பு’ என்றால் முடிந்தது. மற்றதைக் ‘குளிர்காலத் தொகுப்பு’ எனலாம். மதுரைக்காரருக்கு அந்தப் பருவம் வெறும் கேள்விப்பட்ட சங்கதிதான் என்பதால் அதிகம் மெனக்கெட வேண்டாம்.

தொகுப்பு என்று சொல்லிவிட்டேன். காரணம் சொல்ல வேண்டும். ‘தொகை’தான் முதல் உரிமைக்காரன். அகநானூற்றைப் பாருங்கள். தொகுத்தவர் மதுரை உப்பூரிகுடிகிழார் மகன் உருத்திரசன்மர், தொகுப்பித்தவர் பாண்டியன் உக்கிரப்பெருவழுதி. பாடல்களை வந்த வரிசையில் அடுக்கவில்லை. ஒற்றைப்படை எண் எல்லாம் பாலை, 2, 8 என முடிவன குறிஞ்சி, 4 முல்லை, 6 மருதம், பத்துகள் நெய்தல். எந்த எண்ணைப் பிரித்தாலும் திணை தெரியும். பொறுக்கி எடுத்து ஓர் ஒழுங்கில் நிறுத்துவது என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடைக்காது. ஆனால் இன்று தொகை என்றால் பணம். பாரிஸ் பேஷன் நிறுவனமான டியோரின் உடைகளை ‘டியோர் தொகை’ என்று எழுதினால் எவ்வளவு என்று கேட்பார்கள்.

அகநானூற்றின் மூன்று பகுதிப் பெயர்களிலேயே நிரை, கோவை என்று இன்னும் இரண்டு சொற்கள் கிடக்கின்றன: களிற்றியானை நிரை, மணிமிடை பவளம், நித்திலக்கோவை. முத்துக் கோத்ததுபோல ஒன்றன்பின் ஒன்றாக வருவது கோவை. உண்மையில் என் மனசுக்குப் பிடித்தது இதுதான். என்ன செய்ய, கோவை என்றதும் கோயம்புத்தூர் பஸ்தான் ஞாபகம் வருகிறது. நிரை அழகான சொல், புழக்கத்தில் இல்லை. எனவே தொகுப்பு.

இந்தச் சொல்லை வைத்து 2026 வேனில் தொகுப்புகளைப் போனில் பார்த்தபோது, எது தொகுப்பு, எது வெறும் சரக்கு என்று பிரித்துப் பார்க்க வசதியாக இருந்தது. பல பெரிய நிறுவனங்களில் தலைமை வடிவமைப்பாளர்கள் மாறிய பருவம் அது. பிரெஞ்சு பேஷன் நிறுவனமான சானலில் புதுத் தலைமை வடிவமைப்பாளர் மத்தியூ பிளாஸியின் முதல் காட்சி, 2025 அக்டோபரில் பாரிசின் கிராண்ட் பலேயில். தலைக்கு மேல் பிரம்மாண்டமான கோள்கள் தொங்கின. முதலில் ஆண்களுடையதுபோல் வெட்டிய கோட்டும் கால்சட்டையும் வந்தன. கடைசியில் சாதாரண டிஷர்ட் மாதிரி ஒரு மேலாடை, கீழே வண்ண இறகுகள் பொங்கும் பாவாடை. அதை உடுத்திய பெண் சிரித்துச் சுற்றி ஆடியே விட்டார். தொடக்கத்தின் கட்டுப்பாட்டைப் பார்த்திராவிட்டால் அந்த ஆட்டத்துக்கு அர்த்தம் இருந்திருக்காது. இது தொகுப்பு.

டியோரின் புது வடிவமைப்பாளர் ஜோனதன் ஆண்டர்சன் அதற்கு முன்பே, 2025 ஜூனில் ஆண்கள் உடையோடு தொடங்கினார். அவர் 1948ஆம் ஆண்டு டியோர் கவுன் ஒன்றின் மடிப்புகளை எடுத்து அரைக்கால் சட்டையில் வைத்தார். புடவைக் கொசுவத்தை இடம் மாற்றிச் செருகியதுபோல் துணி மடிந்து மடிந்து தொங்கியது. உட்கார்ந்தால் கசங்குமே என்றுதான் எனக்குத் தோன்றியது. இருந்தாலும் யோசனை துணிச்சலானது.

அதே மாதம் இன்னொரு பிரெஞ்சு நிறுவனமான லூயி வுய்ட்டோனின் ஆண்கள் காட்சியில் பாரிசின் பாம்பிடோ கலை மையத்தின் முன்னால் தரை முழுக்கப் பரமபதம்! ஸ்டுடியோ மும்பை என்ற கட்டடக்கலை நிறுவனத்தின் பிஜோய் ஜெயின் வடிவமைத்தது, இசையில் ஏ.ஆர். ரகுமான் பங்கும் உண்டு. வைகுண்ட ஏகாதசி ராத்திரி தாயக்கட்டை உருட்டிய ஞாபகத்தில் பாம்பும் ஏணியும் எனக்குப் பளிச்சென்று பதிந்தன. அவற்றின் மேல் நடந்த வெயிலில் வெளிறிய நிற உடைகள், தனித்தனியே பார்த்தால் நல்ல உடைகள். ஒன்றையொன்று பிடித்து இழுக்கவில்லை. விளக்குத்தூண் பொருளில் அது நல்ல கலெக்‌ஷன்.

கூடவே வரும் சொல் ‘லுக்’. தலை முதல் கால் வரை ஒருவர் உடுத்தி வரும் முழு அமைப்பு. ‘தோற்றம்’ என்றால் முகமும் அதில் வந்துவிடும். நமக்குக் கோலம் இருக்கிறது: மணக்கோலம், ராஜகோலம், துறவுக்கோலம். சித்திரைத் திருவிழாவில் ராமராயர் மண்டபத்தில் விடிய விடிய நடக்கும் தசாவதாரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். மச்சம், கூர்மம், வாமனம், ராமர், கிருஷ்ணர் என்று அழகர் கோலம் மாறிக்கொண்டே போய் மோகினியில் முடியும். வரிசையை யாராவது மாற்றிப் பார்க்கட்டும், கூட்டம் சும்மா விடாது. ‘தொகுப்பின் ஏழாவது கோலம்’ என்று எழுதிப் பாருங்கள், உறுத்தாது. மாடல்கள் நடந்துவரும் மேடையான ரேம்ப்பை மட்டும் ரேம்ப் என்றே விட்டுவிடலாம்.

கோலத்துக்கு என்ன பெயர் கொடுக்கிறோம் என்பதும் சின்ன விஷயமில்லை. அதே பருவத்தில் மிலனில் இத்தாலிய நிறுவனமான பிராடா காட்டிய செருப்பு அச்சு அசல் நம்நாட்டுக் கோலாப்புரிச் செருப்பு. காட்சிக் குறிப்பில் ‘தோல் செருப்பு’ என்று மட்டும் இருந்தது. மகாராஷ்டிரத்தில் கூச்சல் எழுந்த பிறகுதான் மூலம் இந்தியக் கைவினை என்று ஒப்புக்கொண்டார்கள். கோலாப்புரிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது 2019இல். நம் சுங்குடிக்கு 2005லேயே உண்டு. கையால் முடிச்சிட்டுச் சாயம் தோய்த்த அசல் சுங்குடியில், நூலை அவிழ்த்த இடத்தில் துணி சின்னக் கூம்பாக எழும்பி நிற்கும். புள்ளியின் விளிம்பு ஒன்றுபோல் ஒன்று இருக்காது. நாளைக்கு அது ஏதாவது ஒரு வேனில் தொகுப்பில் நடந்து வந்தால், குறிப்பில் ‘புள்ளி போட்ட பருத்தி’ என்று எழுதிவிட்டுப் போகாமல் ‘மதுரைச் சுங்குடி’ என்றே எழுத வேண்டும்.