மை தீரவில்லை, கணக்குதான் தீர்ந்தது

வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: “கார்ட்ரிட்ஜில் புது மை நிரப்பினேன். கையில் எடுத்தால் கனமாக இருக்கிறது. பிரிண்டரில் போட்டால் ‘மை தீர்ந்துவிட்டது’ என்கிறது. அதற்கென்ன கண் தெரியாதா?”

உண்மையிலேயே தெரியாது. பல இங்க்ஜெட் பிரிண்டர்கள் மையை எட்டிப் பார்ப்பதே இல்லை. சில மாடல்களில் அடிமட்டத்தில் ஒரு உணரி இருக்கும், அவ்வளவுதான். மற்றபடி எல்லாம் மனக்கணக்கு. ஒவ்வொரு சொட்டைத் துப்பும்போதும் ஒன்று கூட்டிக்கொள்கிறது. ஒரு சொட்டு என்பது சில பிக்கோலிட்டர், அதாவது ஒரு லிட்டரை லட்சம் கோடியாகப் பிரித்தால் வரும் பங்கில் சில. இத்தனை சொட்டு போனால் கார்ட்ரிட்ஜ் காலி என்று முன்கூட்டியே ஓர் எண் குறித்து வைத்திருக்கிறார்கள். அந்த எண் வந்ததும் கடையை மூடிவிடும்.

அந்தக் கணக்கு எழுதப்படும் இடம் பல மாடல்களில் கார்ட்ரிட்ஜின் மேலேயே இருக்கிறது. கழற்றிப் பார்த்தால் நகத்தளவு பச்சைப் பலகையில் பொன்னிறக் கட்டங்கள் தெரியும். அதன் பின்னால் ஒரு சிப். அதிலுள்ள சில நினைவு இடங்கள் ஒருவழிப்பாதை. தீக்குச்சியைப் போல ஒருமுறைதான் பற்றும், திரும்ப வெள்ளையாகாது. நீங்கள் ஊற்றியது மையை. எரிந்த குச்சிகள் எரிந்தபடியே இருக்கின்றன.

சரி, வேறு நிறுவனம் புது சிப் செய்து ஒட்டினால்? ஒட்டுகிறார்கள். அங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த சங்கதி வருகிறது. கணக்கு எழுதுவது மட்டும் அந்தச் சிப்பின் வேலை இல்லை. ‘நான் இந்த வீட்டுப் பிள்ளைதான்’ என்று நிரூபிக்கவும் வேண்டும்.

எப்படி நிரூபிப்பது? கோட்டை வாசலில் சங்கேதச் சொல் கேட்கும் காவலனை நினைத்துக்கொள்ளுங்கள். சொன்னால் உள்ளே விடுவான். ஆனால் பக்கத்துப் புதரில் ஒளிந்திருப்பவன் அதை ஒருமுறை கேட்டுவிட்டால் போதும், நாளைக்கு அவனும் உள்ளே. கணையாழியைக் காட்டியதும் சீதை நம்பினாள். அதையே வழியில் ஒருவன் திருடிக்கொண்டு வந்திருந்தால்? காட்டும் பொருள், சொல்லும் சொல் எதுவானாலும் இந்த ஓட்டை உண்டு. பிரிண்டருக்கும் கார்ட்ரிட்ஜுக்கும் நடுவே ஒரு கம்பியைச் சொருகி ஒட்டுக்கேட்பது பெரிய வித்தையே இல்லை.

இதற்குக் கண்டுபிடித்த வழி அழகானது. காவலன் சங்கேதச் சொல்லைக் கேட்பதில்லை. ஒவ்வொரு முறையும் ஒரு புது விடுகதை போடுகிறான்.

சின்னதாகச் செய்து பார்க்கலாம். பிரிண்டருக்கும் அசல் சிப்புக்கும் மட்டும் தெரிந்த ரகசிய எண் 47 என்று வைத்துக்கொள்வோம். விதி இதுதான்: பிரிண்டர் ஏதோ ஓர் எண்ணைச் சொல்லும். சிப் அதை ரகசிய எண்ணால் பெருக்கி, வந்ததை வர்க்கமாக்கி, நடுவிலுள்ள மூன்று இலக்கங்களை மட்டும் திருப்பிச் சொல்ல வேண்டும். பிரிண்டர் 23 என்கிறது. 23 பெருக்கல் 47, 1081. அதன் வர்க்கம் 1168561. நடு மூன்று இலக்கம் 685. சிப் ‘685’ என்கிறது. பிரிண்டரும் தனக்குள் அதே கணக்கைப் போட்டுப் பார்க்கிறது. ஒத்துப்போகிறது, வா உள்ளே.

ஒட்டுக்கேட்டவனுக்குக் கிடைத்தது என்ன? ‘23க்கு 685’. அவ்வளவுதான். அடுத்த முறை பிரிண்டர் 24 என்று கேட்கும். 1128, அதன் வர்க்கம் 1272384, பதில் 723. கேள்வி ஒன்றே ஒன்று கூடியது, பதிலோ எங்கோ போய்விட்டது. 47 என்ற எண் கம்பி வழியே ஒருமுறைகூடப் போகவில்லை! ரகசியத்தைச் சொல்லாமலே ரகசியம் தெரியும் என்று காட்டியாகிவிட்டது. இதை முதன்முதலாகப் புரிந்துகொண்ட அன்று நான் யார் யாரையோ பிடித்து நிறுத்தி விளக்கிக்கொண்டிருந்தேன்.

என்னுடைய இந்தப் பூட்டு வெறும் பொம்மைப் பூட்டு. 1 முதல் 99 வரை முயன்று பார்த்தால் உடைந்துவிடும். நிஜத்தில் ரகசிய எண் மிக நீளமானது, கலக்கும் முறையும் மிகக் கடுமையானது. அப்படி ஒரு முறைதான் ஷா-1. 80 சுற்று அரைத்து 160 பிட் (பிட் என்றால் 0 அல்லது 1 என்ற ஒற்றை இலக்கம்) நீளத்துக்கு ஒரு பதில் தரும். அமெரிக்க அரசின் தரநிலை நிறுவனம் 1995இல் வெளியிட்டு, யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம் என்று விட்டது. மக்கள் பணத்தில் பிறந்த கணிதம் தனியார் மைப்புட்டிக்குக் காவல் நிற்பதைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் வயிறு எரியும். ஆராய்ச்சிக்குப் பணம் கேட்டால் ‘இதனால் என்ன பயன்’ என்று கேட்பவர்களுக்கு இந்தப் பயனையும் சொல்லித் தொலைக்க வேண்டியிருக்கிறது.

ஆனால் கணிதத்தின் மேல் பழி போட முடியாது. உங்கள் செல்போனிலுள்ள சிம் அட்டையும் இதே விடுகதையைத்தான் ஆடுகிறது. ஜிஎஸ்எம் என்ற செல்போன் முறையில் வலையமைப்பு 128 பிட் கேள்வி அனுப்பும், சிம் 32 பிட் பதில் தரும், ரகசியம் சிம்மை விட்டு வெளியே வராது. அதனால்தான் உங்கள் எண்ணில் வேறொருவர் எளிதாகப் பேசிவிட முடிவதில்லை. அங்கே பூட்டு உங்களையும் காக்கிறது. பிரிண்டரில் திருடன் என்று சந்தேகிக்கப்படுவது, காசு கொடுத்து வாங்கிய நீங்கள்.

‘தரமில்லாத மை போட்டால் பிரிண்டர் கெட்டுவிடும், அதற்குத்தான் பாதுகாப்பு’ என்று சொல்வார்கள். மட்டமான மை, சொட்டுத் துப்பும் முனைகளை அடைக்கும் என்பது உண்மை. ஆனால் சிப் மையைச் சோதிப்பதில்லை. மையின் வாசனைகூட அதற்குத் தெரியாது. அசல் சிப் ஒட்டிய, கணக்கு தீராத கார்ட்ரிட்ஜில் காப்பித்தண்ணீரை ஊற்றினாலும் விடுகதைக்குச் சரியான பதில் வரும். சிப்பைக் கையில் கட்டிய தாயத்து மாதிரி நம்புவதற்கு ஒன்றுமில்லை.

பிரிண்டரை மலிவாக விற்று மையில் சம்பாதிக்கும் வியாபாரத்தைப் பற்றி நிறையப் பேசியாகிவிட்டது, விட்டுவிடுகிறேன். அதைவிடச் சுவையானது இன்னொரு வகைப் பூட்டு. இதில் சாவி கணிதம் இல்லை, சட்டம்.

1989இல் வந்த நின்டெண்டோவின் கேம் பாய் என்ற கையடக்க விளையாட்டுக் கருவியைத் தட்டினால் நிறுவனத்தின் பெயர் மேலிருந்து மெல்ல இறங்கி வரும். வெறும் அலங்காரம் என்றுதான் தோன்றும். அந்தப் பெயரின் படம் கருவிக்குள்ளும் இருக்கும், விளையாட்டு கார்ட்ரிட்ஜுக்குள்ளும் 48 பைட்டாக (ஒரு பைட் என்பது ஓர் ஆங்கில எழுத்து பிடிக்கும் இடம்) இருக்கும். இரண்டும் அச்சு அசலாக ஒத்திருந்தால்தான் விளையாட்டு ஓடும். 48 பைட்டை நகலெடுக்க யாருக்கும் சிரமமில்லை. ஆனால் நகலெடுத்தால் அடுத்தவர் வணிகச் சின்னத்தைத் திரையில் காட்டியவர் ஆகிவிடுவீர்கள்! கருவி அந்தப் படத்தைக் காட்டுவதற்கு ஒருமுறை, ஒப்பிடுவதற்கு ஒருமுறை என இரண்டு தடவை படிக்கும். சில கில்லாடிகள் முதல் தடவை தங்கள் சொந்தச் சின்னத்தையும், இரண்டாம் தடவை அசலையும் நீட்டும்படி கார்ட்ரிட்ஜைச் செய்துவிட்டார்கள்.

பிரிண்டர் உலகத்திலும் இதே ஆட்டம் நடந்தது. லெக்ஸ்மார்க் நிறுவனம் டோனர் (லேசர் பிரிண்டரின் மைத்தூள்) கார்ட்ரிட்ஜின் சிப்பில் ஷா-1 விடுகதையையும் வைத்தது, ஒரு குட்டி மென்பொருளையும் வைத்தது. அதில் ஒரு எழுத்து மாறினாலும் பிரிண்டரின் கூட்டுத்தொகைச் சோதனையில் தெரிந்துவிடும். மாற்றுச் சிப் செய்த ஸ்டாடிக் கன்ட்ரோல் நிறுவனம் அதை அப்படியே நகலெடுத்தது. பதிப்புரிமையை மீறினார்கள், பூட்டை உடைத்தார்கள் என்று 2002 டிசம்பரில் லெக்ஸ்மார்க் வழக்குப் போட்டது. முதலில் தடையும் வாங்கியது. 2004இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தடையை நீக்கியது. தீர்ப்பில் ஓரிடம் எனக்கு மனப்பாடம். சர்ச்சைக்குரிய மென்பொருள் ஒரு மாடலில் 37 பைட், இன்னொன்றில் 55 பைட். இந்த வழக்கின் தலைப்பைக் கணினியில் தட்டினாலே இதைவிட அதிக இடம் பிடிக்கும் என்று நீதிமன்றமே எழுதியது. பூட்டைப் பற்றியும் சொன்னது: முன்வாசலில் பூட்டே இல்லாத வீட்டுக்குப் பின்வாசலில் மட்டும் பூட்டுப் போட்டுவிட்டு வீட்டைப் பூட்டிவிட்டதாகச் சொல்ல முடியாது. பிரிண்டரை வாங்கியவர் அதிலுள்ள நிரலைத் தாராளமாகப் படித்துக்கொள்ளலாம், யாரும் மறைத்து வைக்கவில்லை.

தீர்ப்புகளோடு கதை முடியவில்லை. இப்போது பிரிண்டர்கள் இணையத்தில் இருக்கின்றன. பூட்டை விற்ற பிறகும் மாற்றலாம். 2016 செப்டம்பர் 13 அன்று ஹெச்பியின் பல பிரிண்டர்கள், முந்தின நாள் வரை ஏற்றுக்கொண்ட மாற்றுக் கார்ட்ரிட்ஜ்களைத் திடீரென்று மறுத்தன. எதிர்ப்பு கிளம்பியதும், விரும்புகிறவர்கள் அந்தச் சோதனையை நீக்கிக்கொள்ள ஒரு மென்பொருளைத் தருவதாக நிறுவனம் அறிவித்தது.

போட்டி வேறு பக்கத்திலிருந்தும் வந்தது. பயனர்கள் சலித்துப்போய், பிரிண்டருக்கு வெளியே மைத்தொட்டி மாட்டிக் குழாய் விட ஆரம்பித்தார்கள். எப்சன் நிறுவனம் அதையே தன் தயாரிப்பாக்கி, 2010இல் இந்தோனேசியாவில் தொட்டி பிரிண்டரைக் கொண்டுவந்தது. பிரிண்டருக்கு விலை கூடுதல். புட்டியைத் திறந்து ஊற்ற வேண்டியதுதான். தொட்டி கண்ணாடி மாதிரி இருப்பதால் எவ்வளவு மிச்சம் என்று நாமே பார்க்கலாம்.

நானும் அப்படி ஒன்று வாங்கினேன், எந்த நிறுவனம் என்பது வேண்டாம். கொஞ்ச காலம் நிம்மதி. அப்புறம் ஒருநாள் நின்றுவிட்டது. இந்த வகை பிரிண்டர்கள் முனைகளைச் சுத்தம் செய்யும்போது வழியும் மை, அடியில் உள்ள ஒரு பஞ்சுப் பட்டையில் போய்ச் சேரும். அது நிரம்பிவிட்டது, சேவை மையத்தை அணுகவும் என்று செய்தி. பஞ்சு நிஜமாகவே நிரம்பியிருந்ததா என்று பிரிண்டர் தொட்டா பார்த்தது? எத்தனை முறை சுத்தம் செய்தோம் என்று எண்ணிக்கொண்டே வந்திருக்கிறது.